இரும்பு நரம்புக்காரரும் துணைக்குப் போன மனைவியும்

இங்கே நாம் பார்க்கப்போவது இரும்பு நரம்பு ஆண் என்னும் இனம். உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா பள்ளத்தாக்கில் சாய்கானா என்னும் எந்தத் தேநீர்க்கடைக்குள் நுழைந்தாலும் புலவுச் சட்டியைச் சுற்றிக் கூட்டமாகத் தென்படும். இவருக்கு ரத்தக்கொதிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், சிறுநீரகத்தில் கல் சேரும். இவையெல்லாம் சபையில் தாராளமாகச் சொல்லத்தக்க, ஒருவரை ஒருவர் மிஞ்சிப் பேசத்தக்க ஆண்பிள்ளை நோய்கள். மனம் மட்டும் கெடாது. கெடுவதற்கு அப்படியொன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தானே?

அங்கே மர்கிலான் ஊர்ச் சந்தையில் கார் உதிரிபாகம் விற்கும் நூர்மத் இந்த இனத்தின் நல்ல மாதிரி. வாரந்தோறும் நண்பர்கள் கூடிச் சமைக்கும் நாளில், காரட்டை நீளவாக்கில் அரிந்தபடியே மருத்துவமும் பேசுவார்.

"நரம்பு டாக்டர்கிட்ட யாரு போறான்னு பாருங்க. எல்லாம் பொம்பளைங்க. நமக்கு ஏன் வரல?"

"நாமதான் ஆட்டுவால் கொழுப்பை விடாம சாப்பிடுறோமே," என்றார் பல் டாக்டர் சத்ரித்தீன். படித்தவர் சொன்னதால் சபை ஏற்றுக்கொண்டது.

இதே நூர்மத், மகன் பிழைப்புக்காக ரஷ்யா போனதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. காலையில் காரைக் கிளப்பி, வாசலைத் தாண்டாமல், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுவார். கேட்டால் என்ஜின் சூடாகட்டும் என்று நின்றாராம். கொளுத்துகிற கோடையிலும். ஒருநாள், "எல்லாம் போதும்னு தோணுது," என்று அவர் சொல்ல, மனைவி ஜுல்ஹுமார் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"டாக்டர்கிட்ட போவோம், வாங்க."

"நானா? சந்தையே சிரிக்கும். நீ போ. உனக்குன்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டு வா."

அவள் போனாள். அவர் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்து விடாமல் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தாள்: தூக்கமில்லை, பசியில்லை, வாடிக்கையாளர் விலை கேட்டால் எரிந்து விழத் தோன்றுகிறது, காலையில் சவரம் பண்ணும்போது கை நடுங்குகிறது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சவரமா?"

"ஆமாங்க."

"தினமுமா?"

"கல்யாணம் காட்சின்னா கட்டாயம்."

"சரிம்மா. சவரம் பண்ற அந்த முகத்தைப் பார்க்காம மாத்திரை தரமாட்டேன். உங்களுக்குத் துணைக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

மனைவிக்குத் துணை போவதில் மானக்கேடு என்ன இருக்கிறது? நூர்மத் கிளம்பினார். ஆஸ்பத்திரி நடையில் வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும், துணைக்கு வந்த பாவனையில், கூரையைப் பார்த்தபடி ஒரு கணவர். கோடியில் சத்ரித்தீன்.

"வீட்டுக்காரிக்கு நரம்பு," என்றார் சத்ரித்தீன்.

"இங்கயும் அதேதான்."

"பாவம், பொம்பளைங்க."

"பாவம்தான்."

உள்ளிருந்து ஜுல்ஹுமார் என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனவர் நூர்மத். நெடுநேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு வெளியே வந்தார். அவருடைய மாத்திரையை அவள் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஊரின் நரம்பு நோய்க் கணக்கில் பெண்கள் பக்கம் ஒன்று கூடியது. கொஞ்ச நாளில் நன்றாகத் தூங்க ஆரம்பித்த நூர்மத், அந்தக் கணக்கையே சபையில் சான்றாக எடுத்துக்காட்டினார்.

இதுவரை யார் யாரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்களே ஐயா, நேற்று நீங்கள் கண்ணயர எத்தனை மணியாயிற்று? எனக்குச் சொல்ல வேண்டாம். வீட்டில் சொல்லிவையுங்கள், அந்த அம்மாள் தமக்குத்தான் நோய் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவார்.