மேட்டுக்கு ஒரு டர்போ

டெஸ்ட்டுக்கு இன்னும் ஏழு மணி நேரமும் இருபது நிமிடமும் இருந்தபோது, பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நான்காவது போல்ட் மாஸ்டரின் கையோடு வந்தது. பாதிதான் வந்தது. மீதி எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"வந்துடுச்சு," என்றார் மாஸ்டர்.

"பாதியா?" என்றாள் மனைவி. அவள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மீதியும் வரும். வராம எங்க போயிடும்?"

மாஸ்டர் இருபத்திரண்டு வருடங்களாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்பது அவரும் இந்த டீசல் காரும்தான். காரின் கூரையில் ஒரு போர்டு. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில், அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இத்தனை வருடங்களில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதை அவர் எல்லாரிடமும் சொல்வார். கேட்காதவர்களிடம் முதலில் சொல்வார்.

ஆனால் கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. டெஸ்ட் கிரவுண்டில் ஒரு மேடு உண்டு. அதன் பாதியில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பி மேலே ஏற்ற வேண்டும். மாஸ்டரிடம் படித்தவர்கள் வரிசையாக அந்த இடத்தில் தோற்றார்கள். மச்சினி மட்டும் மூன்று முறை தோற்றுவிட்டாள்.

அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். 'லைசென்ஸோட வாங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் கிடைத்த ஒரே டெஸ்ட் இன்று மாலை.

"உன் மேல தப்பு இல்லம்மா," என்று மாஸ்டர் அவளிடம் சொல்லியிருந்தார். "வண்டிக்கு மேட்டுல இழுவை இல்ல. ஏறும்போது ஒரு கருகின வாசனை வருது பாத்தியா? மேனிஃபோல்டு லீக்காகுது. அதை மாத்தி, கூடவே ஒரு டர்போவும் மாட்டிட்டா மேடு என்ன, மலையே ஏறும்."

பழைய இரும்புக் கடையில், இதே எஞ்சினின் டர்போ மாடலிலிருந்து கழற்றிய மேனிஃபோல்டும் டர்போவும் ஒன்றாகவே கிடைத்தன. ஆயில் குழாய்கள்கூட இருந்தன. காற்றுக் குழாய் மட்டும் இல்லை.

"டர்போன்னா என்னதான் செய்யும்?" என்று மனைவி கேட்டாள்.

"எஞ்சின்ல நாலு அடுப்பு இருக்குன்னு வெச்சுக்கோ. நாலுக்கும் சேத்து ஒரே புகைபோக்கி. அதான் மேனிஃபோல்டு. வெளிய போற அந்தப் புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அந்தச் சக்கரம் உள்ள காத்தை ஊதும். அதான் டர்போ. வெட்டியா வெளிய போறதைப் பிடிச்சு வேலை வாங்கறோம்."

"அப்ப உங்க தம்பிக்கும் ஒண்ணு மாட்டுங்க."

மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. உடைந்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினி துவைத்த வெள்ளை யூனிஃபார்மை ஷெட் வாசலில் கட்டிய கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். டெஸ்ட்டுக்கு அதைத்தான் போட்டுக்கொள்வதாக இருந்தாள். அது ராசி என்று இல்லை, மடிப்பு கலையாத உடை அவளிடம் அது ஒன்றுதான்.

"மாமா, நேத்து நான் தனியாத்தானே வண்டியை ஷெட்டுக்குள்ள ஏத்தினேன்? இந்தச் சரிவு கிரவுண்டு மேட்டை விட செங்குத்தா இருக்கு. அப்படியே ஏறிடுச்சே."

"அது வீடும்மா. குதிரைகூட லாயத்தைப் பாத்தா தானா ஓடும்."

"இது குதிரை இல்லையே மாமா."

"ஹார்ஸ் பவர்னு எதுக்குச் சொல்றாங்க?"

அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மனைவி டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டு, "விடுடி. ராத்திரி தூக்கத்துலயும் என் கணுக்காலை மிதிச்சுக்கிட்டே கிளாஸ் எடுக்கறவரு. அவருகிட்ட வாதாடி ஜெயிக்க முடியாது," என்றாள்.

"அது கடமை உணர்ச்சி," என்றார் மாஸ்டர்.

உடைந்த போல்ட்டை எடுக்க ஒரு வழிதான் இருந்தது. அதன் முனையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து, நட்டைத் திருக வேண்டும். அடுத்த வீட்டு கேட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்த வெல்டிங்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"பேட்டரியைக் கழட்டி வெளிய வெச்சிடுங்க. இல்லேன்னா ஏதாவது ஆச்சுன்னா என்னைச் சொல்லக்கூடாது."

மாஸ்டர் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார். ஒரு மின்னல், இரண்டு நிமிடம். போல்ட் பணிவாக வெளியே வந்தது.

"பாத்தியா? வராம எங்க போயிடும்னு சொன்னேன்ல?"

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பழைய மேனிஃபோல்டு வெளியே வந்தது. புது கேஸ்கெட் போட்டார். புது மேனிஃபோல்டு உட்கார்ந்தது. அதன் தோளில் நத்தை போல டர்போவும் உட்கார்ந்தது. மாஸ்டர் எல்லா நட்டுகளையும் இறுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அழகா இருக்குல்ல?"

"இருக்கு," என்றாள் மனைவி. "பேட்டரி எங்க வைப்பீங்க?"

மாஸ்டர் பார்த்தார். பேட்டரி இருந்த இடத்தில் இப்போது டர்போ இருந்தது.

"அதுக்கென்ன, பின் சீட்டுல வெச்சிடலாம். பெரிய வண்டியில எல்லாம் பேட்டரி பின்னாடிதான்."

நீளமான ஒயர் இரண்டு இழுத்து, பேட்டரியைப் பின் இருக்கையின் நடுவில் வைத்து, சீட் பெல்ட் போட்டுவிட்டார். அது விருந்துக்குப் போகும் குழந்தை போல அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

அடுத்தது காற்றுக் குழாய். டர்போ ஊதும் காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய். இரும்புக் கடைக்குப் போய்வர நேரமில்லை. மாஸ்டர் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் வேக்குவம் கிளீனரின் குழாய் இருந்தது.

"ஐயோ, அது எதுக்கு?"

"காத்து போற குழாய் காத்துக்குத்தானே? இங்கயும் காத்து, அங்கயும் காத்து."

"அது உறிஞ்சறது. இது ஊதறது."

"திருப்பி மாட்டினா சரியாப் போச்சு."

இப்படிப்பட்ட பதில்களைத்தான் மனைவி இருபது வருடங்களாகச் சமாளித்துவருகிறாள்.

பானெட்டை மூடப் போனார். மூடவில்லை. டர்போவின் தலை அரை சாண் உயரமாக இருந்தது. மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தார். பானெட் கொஞ்சம் வளைந்தது, டர்போ அசையவில்லை.

"கட்டிடலாம்," என்று இறங்கினார். "கயிறு இருந்தா போதும்."

பக்கத்தில் இருந்த ஒரே கயிறு கொடிதான். அவர் கத்தியை எடுத்து ஒரே இழுப்பாக அறுத்தார். கொடியில் என்ன காய்கிறது என்பதை, அது கீழே விழுந்த பிறகுதான் பார்த்தார். கீழே எஞ்சின் ஆயில் வடித்த தட்டு இருந்தது.

யூனிஃபார்ம் ஆயிலில் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டு மச்சினி திரும்பினாள். அவள் அதை இரண்டு விரலால் தூக்கினாள். முதுகுப் பக்கம் முழுக்கக் கறுப்பு.

"சீட்டுல சாஞ்சு உக்காந்தா தெரியாதும்மா," என்றார் மாஸ்டர்.

மச்சினியின் கண் கலங்கியது. "மாமா, எனக்கு இந்த வேலை வேணும். இன்னைக்கும் ஏறலேன்னா..."

"ஏறும்." அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "நீ நல்லா ஓட்டற. இத்தனை வருஷத்துல உன் அளவுக்கு நிதானமா யாரும் ஓட்டினதில்ல. வண்டிதான் உன்னைக் கவுத்துது. இன்னைக்குக் கவுக்காது. நான் பக்கத்துலயே இருக்கேன்ல?"

அவள் அக்காவின் உடையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தோள் தொளதொளவென்று இருந்தது.

புறப்பட்டார்கள். மச்சினி ஓட்டினாள், மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார், மனைவி பின்னால் பேட்டரிக்குத் துணையாக. புது மேனிஃபோல்டு பழைய சைலன்சர் குழாயோடு சரியாகச் சேரவில்லை என்பது தெருவுக்கே கேட்டது. வண்டி உறுமியது. நடந்து போனவர்கள் ஒதுங்கினார்கள்.

"கேட்டியா? சிங்கம்," என்றார் மாஸ்டர்.

வழியில் ஒரு பாலம் வந்தது. பாலத்தின் ஏற்றத்தில் எதிரே ஒரு லாரி தெரிந்ததும் சிங்கம் திணறியது. மச்சினி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். உறுமல் கூடியது, வேகம் கூடவில்லை. அதே கருகின வாசனை.

"மாமா, ஏறலயே!"

"புது டர்போம்மா. பழகணும். கண்ணு ரோட்டுல இருக்கட்டும்."

எப்படியோ பாலம் தாண்டியது. கிரவுண்டுக்குள் நுழைந்து வண்டி நின்றபோது பானெட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

"ஏப்பம். பழைய வண்டிக்கு வரும்."

ஆய்வாளர் ஒரு பெண்மணி. ஒரு அட்டையும் பேனாவுமாக வந்தார். கயிறு கட்டிய பானெட்டைப் பார்த்தார். வழக்கப்படி டிரைவிங் ஸ்கூல்காரர் முன்னால் உட்காருவார், ஆய்வாளர் பின்னால். பின் கதவைத் திறந்தார். மனைவி ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கினாள். பேட்டரி இறங்கவில்லை.

"இது என்ன?"

"பேட்டரி மேடம்."

"தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

"முன்னாடி டர்போ இருக்கு."

"டர்போ ஏன் இருக்கு?"

"மேடு ஏற மேடம்."

ஆய்வாளர் மேட்டைப் பார்த்தார். அது இரண்டு ஆள் உயரம் இருக்கும்.

"வண்டிக்கு நான் மார்க் போடறதில்ல," என்றார். "ஆனா பின்னாடி நான் உக்கார முடியாது. நீங்க இறங்குங்க, நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

மாஸ்டர் முதல்முறையாகத் தடுமாறினார். "மேடம், நான் பக்கத்துல இல்லாம எந்த ஸ்டூடண்டும் மேடு ஏறினதே இல்ல."

"பக்கத்துல இருந்தப்பவும் ஏறலையே. இந்தப் பொண்ணை மூணு தடவை பாத்திருக்கேன். இறங்குங்க."

இறங்கினார். ஆய்வாளர் உட்கார்ந்து, கால்களை ஒடுக்கி இருக்கைப் பக்கம் வைத்துக்கொண்டார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. மச்சினியின் முகம் கண்ணாடிக்குள் வெளுத்திருந்தது.

மாஸ்டர் மேட்டின் அடியில் நின்றார். வண்டி ஏறியது. பாதியில் நின்றது. அவருடைய வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பைச் சுற்றி ஒரு சின்னக் குழி விழுந்தது. மனைவி குழியைப் பார்த்தாள்.

வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. அப்படியே கிளம்பி, மாடிப்படி ஏறுகிறவர் மாதிரி சாதாரணமாக மேலே போய் மறுபக்கம் இறங்கியது.

"ஏறிடுச்சு!" மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். "பாத்தியா? டர்போ! டர்போ!"

மனைவி வண்டி முதலில் வந்து நின்றிருந்த இடத்திலிருந்து எதையோ குனிந்து எடுத்து வந்தாள். வேக்குவம் கிளீனரின் குழாய்.

"அந்த ஏப்பம் இதுதான்."

மாஸ்டர் கையை இறக்கினார்.

"இது இல்லாம டர்போ ஊதற காத்து எங்க போகும்?"

"வெளிய போகும்."

"எஞ்சினுக்குள்ள?"

"போகாது."

"அப்ப வண்டியை ஏத்தினது எது?"

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். ஒரு கணம்தான்.

"மேனிஃபோல்டு," என்றார்.

வண்டி சுற்றிக்கொண்டு வந்து நின்றது. மச்சினி கதவைத் திறந்து, தொளதொளத்த சட்டையோடு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "பாஸ்! அக்கா, பாஸ்! திங்கக்கிழமை சேந்துடுவேன்!" ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். மாஸ்டர் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஆய்வாளரின் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

ஆய்வாளர் உடனே இறங்கவில்லை. இருக்கையிலிருந்து குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் எட்டிப் பார்த்தார். மறுபடி தன் காலடி. பேனாவை மூடிக்கொண்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர், ஓட்டறவங்க பக்கம் பிரேக் பெடல்ல ரப்பர் புதுசு கணக்கா அப்படியே இருக்கு. உங்க பக்கம் ரப்பரே இல்ல, இரும்புகூடத் தேஞ்சு பள்ளமாயிடுச்சு. டர்போ எல்லாம் எதுக்கு, நீங்க காலை எடுத்திருந்தா போதுமே."