வலக்கையின் விண்ணப்பம்

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் வசிக்கும் இளைப்பாறிய பிரதம லிகிதர் இரத்தினசிங்கம் அவர்களின் இரு கைகளிலும் இரு வேறு பிரஷர்கள் நிலவுவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவதானிக்கப்பட்டது. கனடாவிலிருந்து மகள் அனுப்பிய மெசின் இடக்கையில் நூற்றிருபத்தெட்டு என்றது. வலக்கையில் நூற்றைம்பத்திரண்டு என்றது. பற்றரி மாற்றிப் பார்த்தும் மெசின் தன் வாக்குமூலத்தை மாற்றவில்லை. போன வருஷம்தான் அவருடைய தமையன் பிரஷர் கூடிப் பாரிசவாதத்தில் ஒருபக்கம் இழுத்து விழுந்திருந்தார். மனுசன் நன்றாகவே பயந்துபோனார்.

"டொக்டரிட்டைக் காட்டுவம், வாங்கோ," என்றார் மனைவி அருந்ததி.

"டொக்டர் வாயாலை சொல்லுவார். எனக்கு எழுத்திலை வேணும்."

முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கந்தோரில் கோப்புகளோடு இருந்தவர். முத்திரை குத்தாத எதையும், தன் உடம்பு உட்பட, அவர் நம்பியதில்லை.

ஆகவே கொட்டாஞ்சேனையில் 'அழுத்த அளவீட்டு ஒருங்கிணைப்புப் பணியகம்' என்றொன்று இருப்பதை விசாரித்தறிந்து போனார். மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறி முடித்தபோது இரு கைகளிலும் எவ்வளவு இருந்ததோ தெரியாது. பணியகத்தில் பிரஷர் பார்க்கும் மெசின் இல்லை. விண்ணப்பம் வாங்கும் கருமபீடத்தில் மஜீட் என்ற உத்தியோகத்தர் மட்டும் இருந்தார்.

"ஒரு ஆளுக்கு ஒரு பிரஷர்தான் சேர். விண்ணப்பப் போமில கட்டம் ஒண்டுதான் ஈக்கி."

"எனக்கு ரெண்டு இருக்கே, தம்பி. எது சரி, ஆபத்தோ இல்லையோ எண்டு சொன்னாப் போதும்."

"அப்ப கைக்கு ஒரு போம் நிரப்புங்க. அந்தந்தப் போமில அந்தந்தக் கைதான் சைன் வைக்கோணும்."

இரத்தினசிங்கம் உள்ளூர மகிழ்ந்தார். ஒழுங்கு தெரிந்த கந்தோர்! வலக்கை வழக்கம்போல் ஒப்பமிட்டது. இடக்கையின் ஒப்பம் நண்டு ஓடியதுபோல் வந்தது. மஜீட் இரண்டையும் வைத்து நெடுநேரம் ஒப்பிட்டார்.

"ஒரே ஆள்ட கையெண்டு தெரியல்லயே சேர். ரெண்டு கையும் ஒரே விலாசத்திலதான் ஈக்கி எண்டு கிராம சேவகர்ட கடிதம் ஒண்டு கொணந்து தாங்க."

கிராம சேவகர் கைகளை நேரில் பார்வையிட்டு, வாக்காளர் இடாப்பிலுள்ள பெயருக்கே அவை சொந்தமென உறுதிப்படுத்தினார். மூன்று வாரத்தில் பதிவுத் தபாலில் பதில் வந்தது.

'தங்கள் வலக்கையின் விண்ணப்பம் எமது கோப்பில் காணப்படாமையால், இடக்கையின் அளவே தங்கள் இரத்த அழுத்தமென இத்தால் அங்கீகரிக்கப்படுகிறது. மறு அறிவித்தல் வரை வலக்கையை அளத்தல் தவிர்க்கப்படல் வேண்டும்.'

கீழே நீல முத்திரை. மூன்று வாரத்தின் பின் அன்றுதான் மனுசனுக்குச் சோறு இறங்கியது.

அருந்ததி விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் டொக்டர் டிலக்ஷியின் முன்னால் இருத்தி, இரண்டு கைகளின் அளவையும் சொன்னார். டொக்டர் வலக்கையைக் கேட்டார். இரத்தினசிங்கம் கடிதத்தை நீட்டினார்.

"அங்கிள், கூடின அளவைத்தான் நாங்கள் எடுக்கிறது. இவ்வளவு வித்தியாசமெண்டால் இரத்தக் குழாயில அடைப்பு இருக்கோ எண்டு ஸ்கான் பண்ணிப் பார்க்கோணும்."

"அதுக்கு உங்களிட்டை எழுத்திலை ஏதும் இருக்கோ, டொக்டர்?"

"பாருங்கோ டொக்டர், இந்த மனுசனுக்கு விசர்!" என்று அருந்ததி தலையிலடித்துக்கொண்டார். "உயிரை விடக் கடிதம் பெரிசோ?"

"வந்தனீங்கள்தானே அன்ரி, உங்கட கைகளையும் ஒருக்காத் தாங்கோ."

இடக்கை நூற்றிருபது. வலக்கை நூற்றைம்பது.

"அன்ரிக்கும் ஸ்கான் ஒண்டு எடுப்பம்," என்றார் டொக்டர்.

அருந்ததி சேலைத் தலைப்பால் வலக்கையை மெல்ல மூடிக்கொண்டு, கணவன் பக்கம் சாய்ந்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கந்தோர் எத்தினை மணிக்குத் திறக்கும்?"