பிரேக் அக்காவின் கால்

மலேசியாவின் பத்து பாகாட்டில் கார் ஓட்டும் தமிழர்கள் அத்தனை பேரும் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள்தான். வாங்காத ஒருவரைச் சந்தித்தால் அவரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் இடது பக்கம், ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து அக்காவின் காலுக்குத் தனி மூளையே முளைத்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். கோயிலில் ஐயர் கற்பூரத் தட்டை வேகமாகச் சுற்றினாலும் மிதிக்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனபோது முதல் வரிசையிலிருந்து மிதித்ததாகவும், மாப்பிள்ளை சற்று நின்று யோசித்ததாகவும் கேள்வி.

நான் அவருடைய மாணவன். "என்கிட்டதான் கத்துக்கிட்டேன்னு வெளிய சொல்லிடாத தம்பி, பொழப்பு போயிரும்" என்று அவரே கேட்டுக்கொண்ட மாணவன். லைசென்ஸ் வாங்கிய பிறகும் என் கார் சத்தம் கேட்டாலே என் மனைவிக்கு நடைப்பயிற்சியில் ஆர்வம் வந்துவிடும். நான் எதையாவது செய்யும்போது ஒரே ஒரு தடவை அக்காவின் கால் சும்மா இருக்கவேண்டும். வாழ்க்கையில் வேறு பெரிதாக எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச காலம் கார் ஓட்டக்கூடாது, கையை ஓங்கி வீசக்கூடாது என்றார் டாக்டர். ஓட்டாமல் இருந்துவிடலாம். வீசாமல் எப்படி இருப்பார்? காஹாங் பக்கம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் குளத்தில் ஃப்ளை வீசித் தொமான் பிடிப்பதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை பக்தி. தொமான் என்பது விரால் இனத்துப் பெரிய ரௌடி. ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலி இரை.

"நீ என்னைக் கூட்டிட்டுப் போ. நீயே வீசு. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்" என்றார்.

"வேற யாரும் கெடைக்கலயாக்கா?"

"கெடச்சிருந்தா உன்கிட்ட கேப்பனா லா?"

கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சகிதம் என் காரில் ஏறினார். ஹெல்மெட்டும் டாக்டர் சொன்னதா என்று கேட்டேன்.

"டாக்டருக்கு உன்னைத் தெரியாதே."

காஹாங் போய்ச் சேர்வதற்குள் என் காரின் இடது பக்கத்து ரப்பர் பாய் பாதி தேய்ந்திருந்தது.

குளத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் அடியில், ஆழத்தில் இருந்தது தொமான். அதற்காகவே போலி இரையின் கண் இருக்கும் இடத்தில் ஈயக் குண்டு வைத்து ஒரு கனத்த ஃப்ளையைக் கட்டி வைத்திருந்தார் அக்கா. சாதாரண ஃப்ளை நூல் போகும் வழியில் சாதுவாகப் போகும். இதற்குச் சொந்தக் கருத்து உண்டு. முதலில் என் தொப்பியை அடித்தது. பிறகு காதை. பிறகு பின்னால் போய் ஒரு செம்பனை ஓலையைப் பிடித்தது. அங்கிருந்து விடுவித்தால் என் கால்சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வீச்சுக்கும் அக்காவின் கால் சேற்றில் சளக்கென்று இறங்கியது.

"அலமாக். காலி லோரி ஓட்டுற மாதிரி சட்டு சட்டுனு வெட்டாத. இது செம்பனைப் பழக்குலை ஏத்துன லோரி. முனையில எப்படித் திரும்பும்?"

"அகலமாக்கா."

"அப்ப தூண்டில் கழிய பின்னாடி கொண்டு போறப்ப பக்கவாட்டுல, அகலமா கொண்டு போ. நடுவுல நிறுத்தாத. அப்படியே வளைச்சுத் தலைக்கு மேல தூக்கு. பின்னால லோடு இழுக்கும். இழுத்தப்புறம் முன்ன போ. அவசரப்பட்டா லோடு உன் மண்டையிலதான் எறங்கும்."

"எறங்கிக்கிட்டுதான் இருக்குதுக்கா."

"தெரியுது. அதான் நான் ஹெல்மெட்ட கழட்டல."

வெயில் ஏறியது. என் காது செம்பனைப் பழ நிறத்துக்கு வந்தபோது, வெறும் களைப்பினால் நான் நிதானமானேன். பக்கவாட்டில் கொண்டுபோனேன். வளைத்தேன். தூக்கினேன். பின்னால் ஈயம் கழியை மெல்ல இழுத்தது, யாரோ சட்டை நுனியைப் பிடித்து 'வந்துட்டேன், போலாம்' என்று சொல்வதுபோல. முன்னால் வீசினேன். ஃப்ளை என் தலைக்கு வெகு உயரத்தில் மரியாதையாகக் கடந்துபோய், மரத்தடியில் பொத்தென்று விழுந்து மூழ்கியது.

நான் குளத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் காலைப் பார்த்தேன். அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தொமான் கவ்வியது. நான் பதறிப்போய் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதுபோல் கழியை இழுக்க, நூல் அறுந்தது. அக்கா கட்டிய ஃப்ளையை வாயில் அணிந்துகொண்டு மீன் போய்விட்டது.

"எங்க பாத்துக்கிட்டு இருந்த நீ?"

"உங்க காலைத்தான்க்கா. நீங்க மிதிக்கவே இல்ல."

அக்கா குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தார்.

"சரியாத்தான வீசுன. எதுக்கு மிதிக்கணும்?" என்றார்.

திரும்பும்போது ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வழியில் பழக்குலை லோரி ஒன்று எங்களுக்கு முன்னால் அகலமாகத் திரும்பியது. வேகத்தைக் குறைத்துவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பக்கத்தில் பார்த்தால், வாயை லேசாகத் திறந்தபடி அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் பின்னால் மடங்கிக் கிடந்தன.

அதற்குமேல் மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். முந்திப்போனவர்கள் கண்ணாடியை இறக்கி என் குலத்தை விசாரித்தார்கள். கையைக் கூப்பிவிட்டு ஓட்டினேன்.

பத்து பாகாட் வந்தது. அக்காவின் வீட்டு கேட்டும் வந்தது. நான் நிறுத்தவில்லை. ஊரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன், முனைகளில் எல்லாம் அகலமாகத் திரும்பி.