முன் அனுமதி பெற்ற சண்டைகள்

மனிதர்கள் சண்டை போடும்போது எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்குவதென்று என் மனைவி முடிவு செய்தாள். பல்கலைக்கழக மொழியியல் துறை மனமுவந்து சேர்த்துக்கொண்டது. சரக்குக்குப் பஞ்சமில்லாத தலைப்பு. எங்கள் குடியிருப்பில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே இரண்டு அத்தியாயம் தேறும்.

ஆனால் ஒலிப்பதிவுக் கருவியோடு அவள் கிளம்பிய அன்றே துறையின் அறநெறிக் குழு கூப்பிட்டு அனுப்பியது.

"ஒருத்தர் பேசறத அவருக்குத் தெரியாம பதிவு பண்ணலாமாம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"அப்புறமா சம்மதம் வாங்கிடறேன் சார்."

"அப்புறம் வாங்கறதுக்குப் பேரு மன்னிப்பும்மா. சண்டைக்கு ஒரு வாரம் முன்னாடியே ரெண்டு தரப்பும் எழுதிக் கொடுக்கணும். காரணம், இடம், உத்தேசமா என்னென்ன வசவு, எல்லாம்."

இவ்வாறாகச் சண்டைகள் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரப்பட்டன.

எங்கள் கீழ்வீட்டுக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் எலியும் பூனையுமாக இருப்பவர்கள். குறித்த நாளில் இருவரும் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"நீங்க முதல்ல திட்டுங்க."

"ஐயையோ, பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா?"

டீ குடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துப் பிரிந்தார்கள். அடுத்து வந்த மாமியாரும் மருமகளும் ஒருவர் தலையை ஒருவர் வாரிவிட்டார்கள். காரை இடித்தவன் இடிபட்டவனிடம், "நல்லாத்தான் இடிச்சிருக்கேனா?" என்று பவ்யமாகக் கேட்டான்.

என் மனைவி வீட்டுக்கு வந்து அழுதாள். "எல்லாரும் திடீர்னு இப்படி நல்லவங்களாயிட்டா நான் எங்கங்க போவேன்? இந்த வருஷம் ஆய்வேட்டைக் கொடுக்கலன்னா பதிவையே ரத்து பண்ணிடுவாங்க."

பார்க்கப் பாவமாக இருந்தது. "வா, நாம ரெண்டு பேரும் போடுவோம்" என்றேன்.

"மனு கொடுத்தீங்களா?" என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

இதற்கிடையில், அவளுடைய துறையோடு கல்விப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்திருந்த ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இந்தப் பதிவுகளைக் கேட்டு மெய்சிலிர்த்தது. தங்கள் மக்களுக்கும் இப்பண்பைக் கற்பிக்க ஒரு பேராசிரியரை அனுப்பும்படி வேண்டிக்கொண்டது. ஒரே ஒருவரைத்தான் கேட்டது. துறையில் பேராசிரியர்கள் இரண்டு பேர்.

தாழ்வாரத்தில் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ விமானம் ஏறிடுவியாடா?"

"ஏறுவேன்டா! நீ ஏணிய நகத்திடுவியா?"

என் மனைவி ஆனந்தக் கண்ணீரோடு கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நடுவில் அறநெறிக் குழுத் தலைவர் வந்து நின்றார். "சம்மதம்?"

ஆராய்ச்சி என்றால் ஆராய்ச்சிதானே. அவசரம் கருதி ஒரு வார விதி தளர்த்தப்பட்டது. இருவரும் காலரை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். கருவி ஓடத் தொடங்கியது.

"தாங்களே சென்று வாருங்கள்."

"தங்களுக்கல்லவா அந்தத் தகுதி!"

இருவரும் பதிவில் விட்டுக்கொடுத்துவிட்டபடியால், நாட்டு நலனைக் கருதிக் குழுத் தலைவரே விமானம் ஏறினார்.

என் மனைவி வேறு வழியில்லாமல் கிடைத்ததை வைத்து ஆய்வேட்டை எழுதினாள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டார்: "அப்போ இந்த நாட்டுல யாருமே சண்டை போடறதில்லையா?"

"அனுமதியோட யாரும் போடறதில்ல சார்."

"அனுமதி இல்லாம?"

"அதெல்லாம் தரவு இல்ல சார்."

தேர்வாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். பட்டமும் கிடைத்தது, அதே துறையில் வேலையும் கிடைத்தது. அரசாங்கம் மகிழ்ந்துபோய் ஆய்வேட்டை அச்சடித்து எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அனுப்பிவைத்தது.

போன வாரம் கீழ்வீட்டுக்காரர் என் ஸ்கூட்டரை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டார். புகார் கொடுக்கப் போனேன். அங்கே பெஞ்சு நிறைய ஆட்கள். ஒருவருக்கு உதடு கிழிந்திருந்தது, ஒருவருக்குச் சட்டை கிழிந்திருந்தது.

"யாருக்கும் யாரோடயும் சண்டை இல்லைன்னு ஆராய்ச்சி பண்ணியே எழுதிட்டாங்க. புகார் வாங்கறது இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அடடே, அந்த டாக்டரம்மாவோட வீட்டுக்காரர்தானே நீங்க?"

சொல்லிவைத்தாற்போல் பெஞ்சு மொத்தமும் எழுந்தது. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் திரும்பி ஃபைலைப் புரட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது என் முகம் பன் போல வீங்கியிருந்தது. டாக்டர் என்று போட்ட புதுப் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி பதறிப்போனாள்.

"என்னங்க ஆச்சு? யாராவது அடிச்சாங்களா?"

பலகையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றேன்.