சருகுமானுக்கு ஏன் வேலை இல்லை: மூன்றாண்டு ஆய்வு

ஒரு காட்டில், மழையும் வெயிலும் மனுப் போடாமலே வந்துபோன காலத்தில், மரிக்கொழுந்து என்றொரு சருகுமான் இருந்தது. அதற்குப் பிறவியிலேயே கண் தெரியாது. காதோ, அடுத்த மலையில் பலா விழுந்தால் பழமா காயா என்று சொல்லிவிடும்.

அங்கே ஆற்றங்கரைக் காவல் வேலை ஒன்று காலியாக இருந்தது. வேட்டைக்காரர்களின் ஜீப் சத்தம் கேட்டதும் காலால் தரையைத் தட்டி எல்லோரையும் எச்சரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மரிக்கொழுந்து மனுப் போட்டது.

அலுவலகக் கரடி படிவத்தைப் புரட்டியது. "கண் பரிசோதனைச் சான்று எங்கேம்மா?"

"சத்தம் கேக்கத்தானே சார் ஆள் எடுக்கறீங்க?"

"ஆமா. ஆனா இது மரத்து மேல உக்காந்து பாக்குற வேலைக்கு அடிச்ச படிவம். கட்டுக்கட்டா மிச்சம் இருக்கு. தீர்ந்ததும் புதுசு அடிப்போம்."

"எப்ப சார் தீரும்?"

"நீ இன்னொரு மனு எழுது. ஒண்ணு குறையும்."

மரிக்கொழுந்து எழுதியது. மாதாமாதம் எழுதியது. காவல் இல்லாத கரையில் அந்த வருஷம் இரண்டு முயல்கள் பிடிபட்டன.

சிங்கராஜாவுக்குக் கோபம் வந்தது. "மாற்றுத்திறனாளிகளுக்கு வேலையில் முன்னுரிமை என்று சட்டம் போட்டேனே, ஒருவர்கூட வேலையில் இல்லையே, ஏன்?" என்று கேட்டது. சபையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாத விஷயத்துக்கு நிதி ஒதுக்குவதுதான் அந்தச் சபையின் வழக்கம். மூன்று வருஷத்துக்கு வேண்டிய தேன் முனைவர் உடும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

உடும்பு வேகமாக ஆள் எடுத்தது. கேள்வித்தாள் சுமக்க ஒருவர், கேள்வியைப் படிக்க ஒருவர், தலையாட்ட ஒருவர், தேனைக் காவல்காக்கக் கரடியின் மச்சான் என்று மொத்தம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் கண், காது, கால் எல்லாம் சரியாகவே இருந்தன. அவர்கள் மரிக்கொழுந்தைத் தேடிப் போனார்கள்.

"வேலை கிடைக்காததால் உங்கள் வருத்தம் எவ்வளவு? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்" என்றது உடும்பு.

"வேலையைக் குடுத்துப் பாருங்க சார், குறையுதான்னு சொல்றேன். உங்க ஆய்விலயே எனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

உடும்புக்குச் சங்கடமாகிவிட்டது. "அது எப்படிம்மா? நீதான் எங்க தரவு. தரவே சம்பளம் வாங்கினா ஆய்வு கெட்டுப்போகும்."

இரண்டாம் வருஷம் கரையான் புகுந்து பழைய படிவங்களை முழுக்கத் தின்றுவிட்டது. கரடி வேறு வழியில்லாமல் புதுப் படிவம் அடித்தது. அதில் கண்ணுக்குக் கட்டம் இல்லை. மரிக்கொழுந்தைக் கூப்பிட்டு நியமன ஆணையும் எழுதிவிட்டது. பாத முத்திரை ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் உடும்பு மூச்சிரைக்க ஓடி வந்து கரடியின் கையைப் பிடித்துக்கொண்டது. உடும்புப் பிடி என்றால் சும்மாவா.

"சார், அவசரப்படாதீங்க. ஆய்வு முடியிற வரைக்கும் இவங்க வேலையில்லாம இருக்கணும், அதுதான் நிபந்தனை. இவங்களுக்கு வேலை கிடைச்சா பன்னிரண்டு பேருக்கு வேலை போயிடும். உங்க மச்சானும் அதுல ஒருத்தர்."

கரடியின் கை அந்தரத்தில் நின்றது. வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தில் முழிக்க வேண்டுமே. "ஒரே வருஷம்தானேம்மா, பொறுத்துக்கக் கூடாதா?" என்றது.

மரிக்கொழுந்து காதை ஆற்றுப் பக்கம் திருப்பியது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். ஜீப் சத்தம்."

"எங்கே? எவ்வளவு தூரத்துல?"

"அதைச் சொல்றது காவல்காரங்க வேலையாச்சே. நான் இன்னும் ஒரு வருஷம் வேலையில்லாதவ. நான் சொன்னா சாரோட ஆய்வு கெட்டுப்போகும்."

"அப்ப நாங்க எந்தப் பக்கம் ஓடுறது?"

"முத்திரை குத்தின பக்கம்."

கரடி உடும்பையும் சேர்த்துக் கையைத் தூக்கி ஆணையின் மேல் ஓங்கிக் குத்தியது. மரிக்கொழுந்து தரையைத் தட்டி, "கிழக்குப் புதருக்குள்ள போங்க" என்றது. எல்லோரும் புகுந்துகொண்டார்கள். ஜீப் மேற்குக் கரையோரமாகச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது.

மரிக்கொழுந்து ஆணையை வாயில் கவ்விக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனது. கரடி மச்சானுக்கு என்ன சொல்வதென்று யோசித்தபடி வீட்டுக்கு நடந்தது.

உடும்பு மட்டும் அங்கேயே உட்கார்ந்து ஒரு தேக்கிலையை எடுத்து எழுதியது: 'ஆய்வுக்கு உட்பட்டவர் திடீரென வேலையில் சேர்ந்துவிட்டார். இப்படி ஏன் நடந்தது என்று கண்டறிய இன்னும் ஐந்து வருஷத்துக்கு நிதி வேண்டும்.' மை காயட்டும் என்று இரண்டு தரம் ஊதிவிட்டு, சிங்கராஜாவின் குகையைப் பார்த்து நடந்தது.

நீதி: வேலை கேட்டுப் போகும்போது தகுதியை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அதிகாரிக்கும் வருகிற மாதிரி ஓர் ஆபத்தையும் கொண்டுபோங்கள்.