செத்தாச்சா சார்

நாகர்கோவில் வட்டாரத்தில் சாவுச் செய்தி கேட்டுக் குதித்த ஒரே மனிதர் எங்கள் ‘செத்தாச்சா சார்’தான். ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சி லேபின் விஞ்ஞானி. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலையில் செருப்பைக் கழற்றும்போதே “செத்தாச்சா?” என்பார். வணக்கமெல்லாம் பிறகுதான்.

நான் அங்கே குடுவை கழுவுகிறவன். என் பத்தாம் வகுப்புக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்களை இரண்டு குடுவைகளில் வளர்ப்பார்கள். ஒன்றில் ஆன்டிபாடி மருந்து விடுவார்கள்; அது செல்லில் ஒட்டிக்கொண்டு கொல்ல வேண்டும். மற்றதில் மருந்து கிடையாது. அது பிழைத்திருக்க வேண்டும். இரண்டும் செத்தால் கொன்றது மருந்தல்ல, ஏதோ கோளாறு.

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒருநாள் அருமனையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டே சார் போன் செய்தார். லேபில் ஆராய்ச்சி செய்யும் மாணவிகள் சொன்னதை ஒப்பித்தேன்.

“எல்லாம் செத்தாச்சு சார்!”

“ஒண்ணுகூட மிச்சம் இல்லியா? நல்ல காரியம் மக்கா!”

அவர் பக்கத்தில் இருந்த மீன்கார அம்மாளின் குரல் எனக்கே கேட்டது. “மாதாவே! சாவுக்குச் சிரிக்கான் பாரு. நீ மனுசனாடே?”

சாருக்குச் சட்டென்று சந்தேகம். “மருந்து விடாததுமா?”

“அதுவும்தான் சார்.”

பிறகு சாரின் அழுகைதான் கேட்டது. அந்த அம்மாளே தேற்றினாள். “அழாத மக்கா. எத்தன உசுரு?”

“கோடிக்கு மேல இருக்கும் அம்மா!”

கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி அவரை இறக்கிவிட்டார். சார் மீதி வழிக்கு ஆட்டோவில் வந்தார்.

செல்களை உடல்சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் பழுதாகியிருந்தது. சரிசெய்தோம். ஆனால் மருந்து இன்னும் ஒரு சோதனைக்குத்தான் மிச்சம். அதுவும் பொய்த்தால் மேலிடம் ஆராய்ச்சியையே மூடிவிடும். மருந்து விட்ட பிறகு சார் சாப்பிடவில்லை. இன்குபேட்டர் கதவில் காதை வைத்துக்கொண்டு, என்னைத் தும்மக்கூட விடவில்லை.

மறுநாள் மத்தியானம் பேய்மழை. கரண்ட் போயிற்று, கட்டிட ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. சார் குடைகூட எடுக்காமல் ஓடி, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகவிருந்த மைக்செட்காரரை ஜெனரேட்டரோடு இழுத்து வந்தார்.

“யாருக்கு சார் கல்யாணம்?”

“கேன்சர் செல்லுக்காக்கும். சூடு கொறஞ்சா செத்துரும்.”

“சாவப்போற சவத்துக்கு எதுக்கு சார் கரண்டு?”

“எம் மருந்துதாம்வே கொல்லணும்! கரண்டு போயி சாவப்பிடாது, கேட்டீரா?”

ஜெனரேட்டர் ஓடியது. கூடவே ஸ்பீக்கரும் நாதஸ்வரத்தோடு அலறியது. “நிறுத்தும்வே, செல்லு பயந்துரும்!” என்று சார் வயரைப் பிடுங்கினார்.

அடுத்த நாள் காலையில் சார் செல்களில் நீலச் சாயம் விட்டார். செத்தது நீலமாகும், பிழைத்தது வெள்ளையாக மின்னும். மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளினார். “எனக்குப் பயமா இருக்கு. நீ பாரு மக்கா.”

மருந்து விடாததைப் பார்த்தேன். “வெள்ளையா மின்னுது சார்.”

“மத்தது?”

“நீலம் சார்... பாதிக்கு மேல நீலம்.”

சார் குதிக்கவில்லை. தானும் ஒருமுறை பார்த்து, “எம் மருந்துதான் கொன்னிருக்கு” என்றுவிட்டு, இன்குபேட்டரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

கொஞ்ச நேரத்தில், ஆராய்ச்சியை மூடலாமா என்று முடிவு செய்ய மேலதிகாரி வந்தார். ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. ஆனாலும் வாசலில் குறுக்கே நின்றேன்.

“மெல்ல வாங்க சார். அவரு இப்பந்தான் ஒறங்குனாரு.”