மூன்று கீறல் புழு

அரைகுறையாகப் படித்தவர்களால் பெரிய ஆபத்தில்லை. முழுசாகப் படித்துவிட்டதாக நினைப்பவர்களால்தான் வம்பு. நான் அப்படித்தான் இருந்தேன். தடய அறிவியலில் முதல் வருடம் முடித்து மே மாத லீவுக்கு மரக்காணம் வந்தபோது, கல்லூரியில் கெஞ்சி வாங்கிய மைக்ராஸ்கோப்பும் கூடவே வந்தது.

அடுத்த தெருவில் ஏழுமலை மாமா வீடு. உப்பளத்தில் வேலை. கஸ்தூரி அத்தையோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப்போய் மூன்று நாளாகியிருந்தது. போன் ஸ்விட்ச் ஆஃப். அன்று காலை, அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டாயில் ஒரே நாற்றம். கதவிடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் புழு.

அத்தை மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நீ இதுக்குத்தான படிக்கிற? என்னான்னு பாத்து சொல்லுமா."

(யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவள் நான்.)

நாலு புழுக்களைக் கொதிநீரில் போட்டேன். அத்தையின் பால் பாத்திரத்தில்தான். ஒன்றின் பின்பக்கத்தை வெட்டி, லென்ஸுக்கடியில் வைத்தேன். ஈப்புழு மூச்சுவிடுவது பின்பக்கத்தால். அங்கே இரண்டு வட்டங்கள் இருக்கும்; வட்டத்துக்குள் இருக்கும் கீறல்களை எண்ணினால் புழுவின் பருவம் தெரியும். எண்ணினேன். மூன்று.

"மூணாவது பருவம். இந்த வெயிலுக்கு, உள்ள இருக்கிற சதை செத்து மூணு நாள் ஆவுது அத்த" என்றேன், கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல.

"அவரு போயும் மூணு நாள்தானடி ஆவுது!"

அதற்குப் பிறகு அத்தை அழுத அழுகை இன்றும் என் காதில் இருக்கிறது. "ஒரு வார்த்த சொன்னதுக்கா இப்படி உட்டுட்டுப் போவ!" தெருவே கூடிவிட்டது. ரெண்டு பேர் கடப்பாரையோடு பூட்டை நெம்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"ஏம்பா, எங்கொட்டாய ஏன் ஒடைக்கிறீங்க?"

மாமா. முதலியார்சாவடி நண்பன் வீட்டிலிருந்து, துவைத்த சட்டையோடு.

அத்தை அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு முதுகில் ரெண்டு வைத்தாள். விவரம் கேட்ட மாமா என்னைப் பார்த்தார்.

"பூட்டு வெளிய தொங்குது. சாவி எங்கிட்ட இருக்குது. செத்தப்புறம் எப்படிமா வெளிய வந்து பூட்டுவேன்?"

(இந்தக் கேள்வி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.)

உள்ளே ஒரு பையில் ரெண்டு கிலோ இறால். அத்தையைச் சமாதானப்படுத்த வாங்கி வந்தாராம். வாசலிலேயே மறுபடி சண்டை மூண்டதால், கோபத்தில் கொட்டாயில் வீசிப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"எனக்கா வாங்கியாந்த?" என்று அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டாள். அவ்வளவுதான், சண்டை தீர்ந்தது.

என் கணக்கில் தப்பில்லை. செத்து மூன்று நாள்தான். செத்தது யார் என்பதில்தான் சறுக்கிவிட்டேன்.

போன வருடம் என் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்தினார்: "எனக்கு மொத டெத் சர்டிபிகேட் குடுத்த பொண்ணுங்க இது."